கடல் நடுவே முதலுதவி

நேயர்களே, நயினாதீவில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீழ்கிறார் என்று கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து விரையும் 1990 நோயாளர் வண்டி குறிகட்டுவான் இறங்குதுறையோடு நின்றுவிடும், அதற்கப்பால் படகுதான். இதயம் நின்ற நான்கைந்து நிமிடங்களுள் மூளை சிதையத் தொடங்குமே! ஆதலால் அவசர உதவிப் பயிற்சியைத் தீவுப் பாடசாலையிலேயே நடத்துதல் வேண்டும்.

மாணவரோடு படகோட்டிகளும் அமரட்டும். மூழ்கியவரை முதலில் தூக்குவோர் அவர்களே. வயிற்றை அமுக்கி நீரகற்றும் பழைய வழக்கம் தீது. மூச்சில்லையேல் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சூட்டுக. பின்னர் மார்பின் நடுவே இரண்டங்குலம் அமிழ, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்தில் அழுத்துக. 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. கேட்க எளிது, பொம்மைமேல் இரண்டு நிமிடம் அழுத்தியவனுக்கே கை சோர்வது தெரியும். கை மாற்ற இன்னொருவர் வேண்டும். வகுப்பு முழுவதும் பயில வேண்டுவது அதனாலேதான்.

நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாவுக்கு அடியார் படகு படகாக வந்திறங்குமுன் இப்பயிற்சி நிறைவுறுதல் நன்று.