சிகிச்சைக்குப் பின் பி.எஸ்.ஏ. உயர்ந்தால் எந்த ஸ்கேன்?

(ஜமாஅத் மருத்துவ விளக்கக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

புராஸ்டேட் நோயைப் பற்றிப் பேச நம் பெரியவர்கள் கூசுகிறார்கள். பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்வதில்லை. ஆகவே நான் சற்று வெளிப்படையாகவே பேசுகிறேன்.

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை அறுவை செய்து முழுவதும் நீக்கியபின், இரத்தத்தில் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய இல்லாமற்போக வேண்டும். அது மீண்டும் ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமை எட்டி, மறுபரிசோதனையிலும் உறுதியானால், நோய் திரும்பியிருப்பதாகக் கொள்கிறோம். எங்கே திரும்பியது என்பதுதான் சிக்கல். எலும்பு ஸ்கேனும் சி.டி. ஸ்கேனும் இவ்வளவு குறைந்த அளவில் பெரும்பாலும் ஒன்றையும் காட்டுவதில்லை.

இவ்விடத்தில் பெட் ஸ்கேன் உதவுகிறது. சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசிமூலம் செலுத்துவார்கள். புற்றுச் செல்கள் அதனை ஈர்த்துக்கொண்ட இடம் படத்தில் ஒளிரும். ஃபுளூசிக்ளோவின் என்பது அமினோ அமில வகை மருந்து. செல் அதனை உணவைப்போல் உள்ளே எடுத்துக்கொள்கிறது. பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேனுக்குரிய மருந்தோ, புராஸ்டேட் புற்றுச் செல்லின் மேற்பரப்பில் மிகுந்துள்ள ஒரு புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது.

இரண்டில் எது சிறந்தது? லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018இல் இதனைச் சோதித்தனர். அறுவைக்குப் பின் பி.எஸ்.ஏ. 0.2 முதல் 2.0 வரை உயர்ந்திருந்த 50 பேருக்கு, 15 நாட்களுக்குள் இரு ஸ்கேன்களையும் எடுத்தனர். 2019இல் முடிவு வெளியாயிற்று. ஃபுளூசிக்ளோவின் 13 பேரிடமும், பி.எஸ்.எம்.ஏ. 28 பேரிடமும் நோயின் இடத்தைக் காட்டின. நிணநீர்க் கணுக்களில் வேறுபாடு பெரிது. சுரப்பி இருந்த இடத்தில் மட்டும் பெரிய வேறுபாடில்லை. அங்கே பி.எஸ்.எம்.ஏ. மருந்து சிறுநீரில் வெளியேறுவதால், மூத்திரப்பை ஒளிர்ந்து பக்கத்திலுள்ளதை மறைத்துவிடக் கூடும்.

சிறந்த ஸ்கேன் எனப்பட்ட அதிலும் 22 பேருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள்! அவர்களுக்கு நோய் இல்லை என்று பொருளல்ல; கண்ணுக்குத் தட்டுப்படும் அளவுக்கு அது வளரவில்லை. "ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது" என்று அறிக்கையை அலமாரியில் வைத்துவிடுவதே நான் அஞ்சும் தவறு. அறுவைக்குப் பின் தரப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை, பி.எஸ்.ஏ. குறைவாக உள்ளபோதுதான் நன்கு பலனளிக்கிறது. படத்தில் தெரியட்டும் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு நழுவும்.

மருத்துவரிடம் செல்லும்போது பழைய பி.எஸ்.ஏ. சீட்டுகள் அனைத்தையும் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டுசெல்லுங்கள். எத்தனை மாதத்தில் அது இரட்டிப்பாகிறது என்பதையும் அவர் பார்க்க வேண்டியிருக்கிறது.