ஐம்பது இருக்கைக்கு ஒரு சிப்பந்தி



ஆகாய விமானத்தில் பறப்பவர்களின் சவுகரியத்தைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். நாம் பேச வந்தது அவர்களுக்குத் தட்டு ஏந்தி வரும் சிப்பந்திகளைப் பற்றி. ஒரு ஆள் இத்தனை தறி பார்க்க வேண்டும் என்று மில் நிர்வாகம் போடும் கணக்கு நமக்குத் தெரியும். அந்தக் கணக்குதான் முப்பதாயிரம் அடி உயரத்திலும் நடக்கிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் சட்டம் சொல்வது, குறைந்தபட்சம் 50 இருக்கைக்கு ஒரு சிப்பந்தி. காபி கொடுப்பதற்காக வந்த விதி அல்ல இது. தீப்பிடித்தால் ஜனங்களை வெளியேற்ற ஆள் வேண்டும் என்பதற்காக வந்தது. பெரிய விமானம் ஒவ்வொன்றும், பாதி வாசல்களை மட்டும் கொண்டு 90 விநாடியில் எல்லோரையும் இறக்கிவிட முடியும் என்று நிரூபித்தாக வேண்டும். இந்த விதிக்கு வகுப்பு பேதம் கிடையாது. படுக்கையாக விரியும் முதல் வகுப்பு இருக்கையும் ஒன்று, கடைசி வரிசை இருக்கையும் ஒன்று.

2024 ஜனவரி 2ந் தேதி டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பற்றியது. காவல்படை விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் மாண்டனர். பிரயாணி விமானத்தில் 367 பிரயாணிகள், 9 சிப்பந்திகள், 3 விமானிகள். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. எட்டு வாசல்களில் எந்தப் பக்கம் நெருப்பு இல்லை என்று பார்த்து, மூன்றை மட்டும் திறந்து, தொண்டை கிழியக் கத்தி அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. வாசலுக்கு ஒருவர் நின்றிராவிட்டால் இது நடந்திருக்குமா?

ஆனால் கம்பெனிகள் குறைந்தபட்சத்தையே உச்சவரம்பாக்கி விட்டன. 2022 கோடையில் ஈஸிஜெட் கம்பெனி, ஆள் பற்றாக்குறையைக் காட்டி, 156 இருக்கை கொண்ட விமானங்களில் கடைசி வரிசையைக் கழற்றியது. மிச்சம் 150 இருக்கை. நான்கு சிப்பந்திக்குப் பதில் மூவர் போதும்! அமெரிக்காவில் ஜெட்புளூ இதே வித்தையை 2006லேயே அறிவித்தது. ஆறு டிக்கெட் வருமானத்தை விட்டாலும் விடுவார்கள், ஒரு சிப்பந்தியின் சம்பளத்தைக் கொடுக்கமாட்டார்கள்.

குறைந்தபட்சத்துக்கு மேல் ஆள் போடும் கம்பெனிகளும் உண்டு. ஆனால் அந்தக் கூடுதல் கைகள் பெரும்பாலும் டிக்கெட் விலை உயர்ந்த முன்பக்கத்துக்கே போகின்றன. பின்னால் நூற்றுக்கணக்கானோருக்கு நடுவே தள்ளுவண்டியை இழுப்பவர்கள் சிலரே. அந்தக் கூடுதல் ஆட்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. 2009 நவம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிர்வாகம் ஹீத்ரோவிலிருந்து செல்லும் நெடுந்தூரப் பெரிய விமானங்களில் 15 சிப்பந்திகளை 14 ஆக்கியது. யூனியன் கோர்ட்டுக்குப் போனது. எத்தனை ஆள் என்பது தனிப்பட்ட ஊழியர் கோரக்கூடிய உரிமை ஆகாது என்று 2010ல் தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டு சிப்பந்திகள் 22 நாள் வேலை நிறுத்தம் செய்தனர். நிர்வாகம் அவர்களது பிரயாணச் சலுகையைப் பறித்தது. 2011ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சலுகை திரும்பியது, குறைத்த ஆள் திரும்பவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களைக் குறைந்த சம்பளத்தில் தனிப்பிரிவாக வைத்தார்கள். ஒரே சீருடை, இரண்டு சம்பளம்! இது எந்தத் தொழிலாளிக்கும் புதுக்கதை அல்ல.

சட்டமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. கனடாவில் 40 பிரயாணிக்கு ஒரு சிப்பந்தி என்றிருந்த விதியை 2015ல் தளர்த்தி, 50 இருக்கைக்கு ஒருவர் போதும் என்று கம்பெனிகளுக்கு வழிவிட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு சிப்பந்தி என்று விதி வேண்டும். பின்வகுப்பில் எத்தனை பேர் வேலை செய்ய வேண்டும் என்பது, நிர்வாகத்தின் தயவில் விடப்படாமல், யூனியனுடன் செய்யும் ஒப்பந்தத்தில் எண்ணால் எழுதப்பட வேண்டும். இந்தக் கோரிக்கையில் சிப்பந்திகளுடன் பிரயாணிகளும் சேர்ந்து நிற்கலாம். வாசலைத் திறந்துவிட ஆள் வேண்டியவர்கள் அவர்கள்தானே.