வெம்ப்ளிக்கு முன்னும் பின்னும்



குவீன் இசைக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரியின் வாழ்க்கையைச் சொன்ன 'பொஹீமியன் ராப்சோடி' 2018-இல் வெளிவந்தது. உலகெங்கும் 90 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, நான்கு ஆஸ்கர் விருதுகளையும் வாங்கியது. அவற்றில் ஒன்று மெர்குரியாக நடித்த ராமி மாலெக்குக்கு. மெர்குரி இறந்த பிறகு பிறந்த ஒரு தலைமுறை அவரை அறிந்துகொண்டது பெரும்பாலும் இந்தப் படத்தின் வழியாகத்தான். அதனால் படம் எதைச் சொன்னது, எதை விட்டது என்று பேசத்தான் வேண்டும்.

படத்தின் உச்சம் 1985 ஜூலை 13. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில் குவீனுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 20 நிமிடம். படத்துக்காக அந்த மேடையை ஒரு பழைய விமானத் தளத்தில், பியானோ மேலிருந்த பெப்சி கோப்பைகள் உட்பட, அப்படியே எழுப்பினார்கள். படப்பிடிப்பு தொடங்கியதே இந்தக் காட்சியில்தான். மெர்குரி எங்கே திரும்பினார், எந்த அடியில் கையை உயர்த்தினார் என்பதையெல்லாம் மாலெக் அசைவுப் பயிற்சியாளர் ஒருவரிடம் மாதக்கணக்கில் பயின்றார். குரலுக்கு மெர்குரியின் பழைய பதிவுகளோடு மார்க் மார்ட்டெல் என்ற கனடியப் பாடகரின் குரலையும் சேர்த்துக் குழைத்தார்கள். ஒரு கச்சேரியைத் திரையில் இவ்வளவு பக்தியோடு மீட்டெடுத்த படங்கள் குறைவு.

கோப்பையைக்கூடச் சரியாக வைத்தவர்கள் வாழ்க்கையை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள்.

படத்தில், மெர்குரி தனி ஆல்பம் செய்யப் போனதால் குழு உடைகிறது. நெடுநாள் சேர்ந்து வாசிக்காதவர்கள் லைவ் எய்டுக்காக மறுபடி கூடுகிறார்கள். அப்போது தமக்கு எய்ட்ஸ் என்று அவர் நண்பர்களிடம் சொல்கிறார். நடந்தது இதுவல்ல. தனி ஆல்பத்தை முதலில் கொண்டுவந்தவர் டிரம்மர் ராஜர் டெய்லர், 1981-இலேயே. குழு உடையவும் இல்லை: 1984-இல் 'தி வொர்க்ஸ்' ஆல்பம், 1985 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் பெருங்கூட்டத்தின் முன் கச்சேரி, மே மாதம் ஜப்பான். வெம்ப்ளிக்கு வந்தபோது அவர்கள் கை சூடு ஆறாத கலைஞர்கள். அதற்கு மேலும் லண்டனில் ஒரு சிறிய நாடக அரங்கைப் பிடித்து, எந்தப் பாட்டை எங்கே வெட்டுவது என்று ஒத்திகை பார்த்தார்கள். பல குழுக்கள் போகிற போக்கில் வந்து வாசித்த நாளில் இவர்கள் ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணி வைத்திருந்தார்கள். அந்த வெற்றியின் காரணம் இந்த உழைப்பு. படம் அதை எடுத்துவிட்டு நோயின் சோகத்தை அங்கே வைத்தது.

மெர்குரியுடன் வாழ்ந்த ஜிம் ஹட்டன் எழுதியபடி, நோய் உறுதியானது 1987-இல். அதை இரண்டு ஆண்டு முன்னே இழுத்ததால் படத்துக்கு ஒரு கண்ணீர் முடிவு கிடைத்தது. நிஜமான கடைசி ஆண்டுகள் தொலைந்துபோயின. அந்த ஆண்டுகளில்தான் ஸ்பெயினின் ஓப்பராப் பாடகி மோன்செராட் கபாயேவுடன் 'பார்சிலோனா' ஆல்பத்தைச் செய்தார். குவீனோடு 1989-இல் 'தி மிரக்கிள்', 1991 பிப்ரவரியில் 'இன்யூயெண்டோ'. உடல் உருகிக்கொண்டிருந்தபோதும் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போய்ப் பாடினார். 1991 நவம்பர் 23 அன்று நோயை உலகுக்கு அறிவித்தார், மறுநாள் இறந்தார். இதைவிடப் பெரிய உச்சக்காட்சி ஒரு கலைஞனின் கதைக்கு வேண்டுமா?

அவர் வாழ்க்கையின் முன்பாதியும் அப்படியே குறைந்துபோனது. 1946-இல் சான்சிபாரில் ஒரு பார்சிக் குடும்பத்தில் ஃபரூக் புல்சாரா என்ற பெயரில் பிறந்த மெர்குரி, சிறு வயதிலேயே மகாராஷ்டிர மலையூரான பஞ்ச்கனிக்கு, புனித பீட்டர் பள்ளி விடுதிக்கு அனுப்பப்பட்டார். பியானோ படித்தது அங்கே. பள்ளித் தோழர்களோடு 'தி ஹெக்டிக்ஸ்' என்று முதல் குழு சேர்த்ததும் அங்கேதான். 1964-இல் சான்சிபாரில் புரட்சி வெடிக்க, குடும்பம் இருந்ததை விட்டுவிட்டு ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே ஃபெல்த்தமில் குடியேறியது. அப்படிக் கிளம்பி வருவது என்ன என்பதைப் புலம்பெயர்ந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. படம் இத்தனையையும் ஒரு வீட்டுக் காட்சியில் சில வசனங்களாலும் பழைய புகைப்படங்களாலும் கடந்துவிடுகிறது. ஆனால் அவருடைய இறுதிச் சடங்கைச் செய்தவர்கள் பார்சிகளின் மதமான ஜொராஸ்திரியத்தின் குருமார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர் பிறந்த வீட்டை முழுக்க விட்டுவிடவில்லை.

நம் பக்கமும் இப்படி ஓர் இசைக்கலைஞரின் வாழ்க்கைப் படம் பேசப்பட்டது. 2024 மார்ச்சில் சென்னையில், அருண் மாதேஸ்வரன் இயக்கத்தில் தனுஷ் இசையமைப்பாளர் இளையராஜாவாக நடிப்பார் என்று அறிவித்தார்கள். 1976-இல் இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வந்ததும் ஊரே திரும்பிப் பார்த்த கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவர் பிறந்த பண்ணைப்புரம் இருக்கிறது. அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்த இரவுகள் இருக்கின்றன. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்றதும், இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகக் குறிப்பு எழுதியதும் இருக்கின்றன. அந்தப் படம் 'அன்னக்கிளி'க்கு அவசரப்படாமல் வந்து சேரட்டும். இடைவேளை வரை பண்ணைப்புரத்திலும் பாவலர் மேடையிலும் இருந்தாலும் தமிழ் ரசிகர்கள் பொறுமையாகப் பார்ப்பார்கள்.