பத்து பூத்தே: ஒரு வரிப் பதிலின் விலை



சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசலில் ஒரு பாறைத் தீவு. நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர். குடியிருப்போர் யாருமில்லை. மலேசியாவில் பத்து பூத்தே, சிங்கப்பூரில் பெட்ரா பிராங்கா. ஒன்று மலாய், மற்றது போர்த்துகீசியம். இரண்டுக்கும் ‘வெள்ளைப் பாறை’ என்பதே பொருள். பெயரில் இல்லாத சண்டை உரிமையில் வந்தது!

ஜொகூர் கரையிலிருந்து 7.7 கடல் மைல், சிங்கப்பூரிலிருந்து 24. வரைபடத்தைப் பார்ப்பவர் ஜொகூருடையது என்றுதான் சொல்வார். அனைத்துலக நீதிமன்றமும் 2008 மே 23-இல் அளித்த தீர்ப்பில், தொடக்கத்தில் இத்தீவு ஜொகூர் சுல்தானுக்கே உரியதாக இருந்தது என ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் தீவு சிங்கப்பூருக்கே என்று 12-க்கு 4 என்ற வாக்கில் முடிவானது. ஏன்?

பிரிட்டிஷார் அங்கு எழுப்பிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851 முதல் ஒளி வீசுகிறது. அதைப் பராமரித்தது சிங்கப்பூர். 1953 ஜூனில், தனது கடல் எல்லையை வரையறுக்க விரும்பிய சிங்கப்பூர்க் காலனி அரசாங்கம், தீவின் நிலை என்ன என்று ஜொகூரைக் கேட்டது. செப்டம்பர் 21-இல் ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் அனுப்பினார்: ஜொகூர் அரசாங்கம் அத்தீவுக்கு உரிமை கோரவில்லை.

அவ்வளவுதான் பதில். இருபுறமும் பிரிட்டிஷ் நிழல் விழுந்திருந்த காலம். கோப்போடு கோப்பாகப் போன கடிதம். இரண்டு நாடுகள் இதை வைத்து வழக்காடும் என்று அந்த அதிகாரி கனவிலும் நினைத்திருப்பாரா?

கடிதம் மட்டுமல்ல, மௌனமும் எதிராகச் சாட்சி சொன்னது. ஜொகூருக்குச் சொந்தமான பூலாவ் பீசாங் தீவிலும் கலங்கரை விளக்கத்தைச் சிங்கப்பூரே நடத்துகிறது. அங்கு பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்கும்படி 1968-இல் மலேசியா கேட்டது, கொடி இறங்கியது. பத்து பூத்தேயிலும் அதே கொடி பறந்தது. அங்கு மட்டும் யாரும் கேட்கவில்லை. 1979-இல் மலேசியா தன் வரைபடத்தில் தீவைச் சேர்த்தபோது, சில வாரங்களிலேயே, 1980 பிப்ரவரி 14-இல், சிங்கப்பூரின் ஆட்சேபக் கடிதம் வந்துவிட்டது.

மலேசியா வெறுங்கையோடு திரும்பவில்லை. அருகிலுள்ள மிடல் ராக்ஸ் பாறைகள் 15-க்கு 1 என்ற வாக்கில் அதற்குக் கிடைத்தன. தீர்ப்பை மறுஆய்வு செய்யும்படி 2017-இல் விண்ணப்பித்து, ஆட்சி மாறிய 2018-இல் அதை மீட்டுக்கொண்டது. அந்த முடிவு உள்ளிட்ட விவகாரங்களை ஆராய 2024-இல் அரச விசாரணை ஆணையமும் அமைந்தது.

மூன்றாவதாக ஒரு பாறைத்திட்டு உண்டு, சவுத் லெட்ஜ். நீர் வற்றும்போது மட்டுமே தலைகாட்டும். அது யாருடைய கடல் எல்லைக்குள் வருகிறதோ அவருக்கே சொந்தம் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த எல்லையை வரைய வேண்டியவர்கள் இரு நாட்டாரும்தான்.