கேட்காமல் விட்ட கதைகள்

(ஜீடிமெட்லாவில் நடந்த சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வும் பி.எப். பாக்கியும் பேச வேண்டிய மேடையில் பழைய போர்க் கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். உழைப்பாளி தன் கதையைத் தானே சொல்லி வைக்காவிட்டால், அவன் சிந்திய இரத்தமும் வேறொருவர் கணக்கில்தான் எழுதப்படும். அதனால்தான் பேசுகிறேன்.

என் சின்னத் தாத்தா மலேயாவில் பால்மரம் வெட்டப் போனவர். அங்கிருந்து நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார். 1946இல் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். ஆகஸ்டு 15 வந்தால் பள்ளிக்கூடத்தில் அவருக்குச் சால்வை போடுவார்கள். மற்ற நாட்களில் அவர் இந்துஸ்தானியில் இராணுவ உத்தரவு போடுவதைக் கேட்டு, பிள்ளைகள் நாங்கள் பின்னாலேயே அணிவகுத்துச் சிரிப்போம். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கைப்பிடி சோற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் உண்பார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. 1994இல் போய்விட்டார். அந்தக் கைப்பிடிச் சோற்றின் கதையும் அவரோடு போய்விட்டது.

தோழர்களே, அவர் ஒருவர் அல்ல. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. தோட்டத் தமிழர்களில் பெருந்தொகையினர் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்டனர். 415 கிலோமீட்டர் பாதை அது. பட்டினியிலும் காலராவிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். சரணடைந்த பிரிட்டிஷ் இந்தியப் படைச் சிப்பாய்களோடு தோட்டக் கூலிகளும் அவர் பின்னால் திரண்டனர். சென்னையிலிருந்து போன டாக்டர் லட்சுமியின் தலைமையில் ஜான்சிராணிப் படை அமைந்தது. தோட்டத்துப் பெண்கள் பலர் துப்பாக்கி ஏந்தினர். 1944இல் இம்பால் போர்முனையில் மழையும் மலேரியாவும் பசியும் குண்டைவிட அதிகம் பேரைக் கொன்றன.

அவர்கள் வாயில் ஒலித்த 'ஜெய் ஹிந்த்' என்ற வாழ்த்தைத் தந்தவர் நாம் பிழைக்க வந்த இதே ஹைதராபாத்தின் மைந்தர் ஆபித் ஹசன். நேதாஜியோடு நீர்மூழ்கிக் கப்பலில் வந்தவர். 1984இல் மறைந்தார். அவர் கதை எழுதப்பட்டிருக்கிறது. 1945 நவம்பரில் செங்கோட்டை வழக்கில் நின்ற தளபதிகளின் கதையும் எழுதப்பட்டிருக்கிறது. 2012இல் மறைந்த கேப்டன் லட்சுமியிடம் பலர் பேட்டி எடுத்தார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் பால்மரம் வெட்டிய சிப்பாயிடம் போனவர் எத்தனை பேர்? 1972இல் தியாகிகள் பென்ஷன் வந்தபோது அவனிடம் சான்றுதான் கேட்டார்கள். கதை கேட்கவில்லை.

இந்திய தேசிய இராணுவ வீரர்களுக்குச் சிங்கப்பூரில் எழுப்பிய நினைவுச் சின்னத்தை 1945இல் திரும்பி வந்த ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தனர். அது பகைவன் செய்தது. நம் வீட்டுப் பெரியவரின் நினைவை அழித்தது யார்? கேட்காமல் இருந்த நாம்தான்.

1943இல் பதினெட்டு வயதானவருக்கு இன்று நூறு வயதைத் தாண்டியிருக்கும். அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. ஆனால் 1971 போரில் இருந்தவர்கள் எழுபதைத் தாண்டி நம்மிடையே இருக்கிறார்கள். 1987இல் இங்கே பக்கத்துச் செகந்திராபாத்திலிருந்த 54ஆவது டிவிஷன் யாழ்ப்பாணம் போனது. 1990 மார்ச்சில் அமைதிப்படை முழுவதும் திரும்பியது. அதில் போன தமிழ்ச் சிப்பாய்கள் தம் மொழி பேசும் மக்கள் நடுவே துப்பாக்கியோடு நின்றார்கள். அந்த மண்ணின் மக்கள் பட்ட துயரம் ஒரு பக்கம். இவர்கள் நெஞ்சில் சுமந்து வந்தது இன்னொரு பக்கம். இரண்டையும் கேட்டால்தான் உண்மை முழுமையாகும்.

இப்படி வந்தவர்களில் சிலர் நம் ஆலை கேட்டிலேயே செக்யூரிட்டியாக நிற்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் அந்த மனிதருக்கு வணக்கம் போட்டுவிட்டு உள்ளே போகிறோம். "அண்ணே, நீங்க எங்க இருந்தீங்க?" என்று ஒரு நாள் கேட்டிருக்கிறோமா?

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. கையில் போன் இருக்கிறது, பதிவு செய்யுங்கள். முதலில் அவர் சம்மதம் கேளுங்கள். வீரத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். என்ன சாப்பிட்டீர்கள், யாருக்குக் கடிதம் எழுதினீர்கள், பக்கத்தில் படுத்திருந்தவர் யார் என்று கேளுங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். கடிதத்துக்குக் காத்திருந்த அவர் மனைவியிடமும் கேளுங்கள், அதுவும் போர்க் கதைதான். நம் கொள்கைக்கு ஏற்றபடி ஒரு வார்த்தையும் திருத்த வேண்டாம். ஆண்டு, ஊர், படைப்பிரிவு குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பழைய போட்டோக்களையும் படம் எடுங்கள். ஒரு பிரதி அவர் வீட்டில், ஒரு பிரதி சங்கத்தில் இருக்கட்டும். அவர் அனுமதி தந்தால் மட்டும் பெயர் வெளியே வரட்டும்.

அடுத்த கூட்டத்துக்குள் ஆளுக்கு ஒரு பெரியவரிடம் போய் உட்காருங்கள். என் சின்னத் தாத்தாவிடம் நான் உட்காரவில்லை. அந்தக் கடனைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.