அமெரிக்க ராஜ்ய கவர்னரின் அதிகாரம்

'கவர்னர்' என்ற சொல்லைத் தமிழாக்க நேரும்போதெல்லாம் நாம் சற்றே தயங்குகிறோம். நம் நாட்டில் அவரை ஜனாதிபதி நியமிக்கிறார். அமெரிக்காவின் 50 ராஜ்யங்களிலும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். பெயர் ஒன்று, பதவிகள் இரண்டு. அங்கே ராஜ்ய நிர்வாகத்தின் தலைவர் அவரே. சட்டசபையில் எதிர்க்கட்சி பெரும்பான்மை பெற்றாலும் அவர் பதவி விலக வேண்டுவதில்லை.

சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை 'வீட்டோ' என்னும் மறுப்புரிமையால் அவர் தடுக்கலாம். கடைசியாக வட கரோலினாவும் 1996இல் இவ்வுரிமையை வழங்கியது. விஸ்கான்ஸினிலோ, செலவு மசோதாவின் ஒரு பகுதியை மட்டும் அடித்துவிடவும் கவர்னருக்கு உரிமையுண்டு. 2023இல் கவர்னர் டோனி எவர்ஸ், '2024-25' என்ற பள்ளியாண்டில் '20' என்ற இலக்கங்களையும் இணைப்புக்கோட்டையும் நீக்கி '2425' ஆக்கினார்! பள்ளிகளின் வருவாய் வரம்பு ஆண்டுதோறும் உயர 400 ஆண்டுகளுக்கு வழி பிறந்தது. 2025இல் ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது.

இத்துணை அதிகாரத்துக்கு எல்லை உண்டா? உண்டு. 1957இல் ஆர்கன்ஸா கவர்னர் ஆர்வல் ஃபாபஸ், லிட்டில் ராக் நகரப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர் நுழையாதவாறு ராஜ்யத்தின் தேசியக் காவற்படையை நிறுத்தினார். ஜனாதிபதி ஐசனோவர் அப்படையைத் தம் ஆணையின் கீழ்க் கொணர்ந்து, ராணுவத்தையும் அனுப்பினார். மாணவர் பள்ளி புகுந்தனர்.

மக்கள் அளித்த வாக்கும், சிறுபான்மையோரின் உரிமையைப் பறிக்கும் அதிகாரத்தைக் கவர்னருக்கு அளித்துவிடவில்லை. பிறமொழி வழங்கும் ராஜ்யங்களில் குடியிருக்கும் நாம் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று.