பிரயாண வாழ்விலே தேக நியமம்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற உரை)





மாத்தளை நகரை ஊடறுத்து, நாலந்தை, தம்புள்ளை வழியாக வடக்கே செல்லும் பெருவீதியை நாம் எல்லோரும் அறிவோம். நாள்தோறும் அதிலே ஏறி இறங்குகின்றோம். ஆனால் அவ்வீதி எமக்குப் புகட்டும் பாடத்தை நின்று கேட்டவர் சிலரே. இன்று அதனையே பேச எண்ணினோம்.

கோப்பிப் பயிர்ச்செய்கை ஓங்கியிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலே எமது முன்னோர் தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல். காட்டு வழியே, கைப்பிள்ளையையும் சட்டிபானையையும் சுமந்துகொண்டு நடந்தார்கள். வழியிலே வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அவர்களை வாரிக்கொண்டு போயின. வீதியோரத்திலே வீழ்ந்தவர் பலர். எஞ்சி வந்தோர் மாத்தளையை அடைந்து மாரியம்மனைக் கைதொழுது, பின்னர் மலையேறித் தோட்டங்களுக்குச் சென்றனர்.

அவர்கள் நெஞ்சுரம் இல்லாதவர்கள் அல்லர். அவர்களைக் கொன்றது பெரும்பாலும் வழியிலே குடித்த தண்ணீர். குளத்திலும் குட்டையிலும் கண்ட நீரைத் தாகத்தினாலே பருகினார்கள். வாந்திபேதி நீரினாலே பரவுகின்றது என்பதை லண்டன் நகரிலே ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் 1854ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினார். அந்த அறிவு எமது முன்னோரை வந்தடையவில்லை. கொதிக்கவைத்த ஒரு செம்பு தண்ணீர் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும்.

அதே வீதியிலே, 1897ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, மற்றொரு பிரயாணி எதிர்த்திசையிலே சென்றார். அவர் சுவாமி விவேகானந்தர். மேனாட்டுப் பணிகளை முடித்துக்கொண்டு சனவரி 15ஆம் திகதி கொழும்பிலே இறங்கிய சுவாமிகள், கண்டிக்கு வந்து, மாத்தளையிலே ஓர் இரவு தங்கி, குதிரைவண்டியிலே யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டார். தம்புள்ளையைக் கடந்து சில மைல் செல்லுமுன் வண்டியின் முன்சக்கரம் உடைந்தது. மூன்று மணி நேரம் வீதியோரத்திலே தங்க நேர்ந்தது. பின்னர் பிரயாணம் தொடர்ந்தது.

உடைந்த சக்கரத்துக்கு மாற்றுண்டு. உடைந்த தேகத்துக்கு மாற்றேது? இளமையிலே மற்போரும் தேகப்பயிற்சியும் பழகிய திடகாத்திரர் சுவாமிகள். துறவியாகிப் பாரதம் முழுவதும் அலைந்தார். கிடைத்தபோது உண்டார், கிடையாதபோது பட்டினி கிடந்தார். கடல்கடந்து ஓயாது பேசினார். நித்திரையின்மை அவரை வாட்டியது. தாயகம் திரும்பிய அந்த 1897ஆம் ஆண்டிலேயே அவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. 1902ஆம் ஆண்டு சூலை 4ஆம் திகதி, 39ஆவது வயதிலே அவர் மகாசமாதி அடைந்தார். அக்காலத்திலே இன்சுலின் இல்லை. அது 1921ஆம் ஆண்டிலேதான் கண்டறியப்பட்டது.

இதனைச் சொல்லுவது சுவாமிகளிடம் குறை காண்பதற்கன்று. நோய்க்கு இன்னதுதான் காரணம் என்று சுட்டவும் எமக்குத் தகுதியில்லை. உலகத்துக்காகத் தம்மை உருக்கிக்கொண்டவர் அவர். தேகபலம் பெறுங்கள் என்று இளைஞர்களை இடைவிடாது தூண்டியவரும் அவரே. நாமோ உலகத்துக்காக உருகுவதில்லை, அசட்டையினாலே உருகுகின்றோம். அதுவே எமது கவலை.

இன்று எமது பிள்ளைகளின் சீவியத்தைப் பாருங்கள். ஞாயிறு பின்னேரம் பஸ் ஏறிக் கொழும்புக்குச் சென்று கடையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்கின்றார்கள். சிலர் இராமுழுதும் கண்விழித்துத் தம்புள்ளைச் சந்தையிலே மரக்கறி மூட்டை ஏற்றுகின்றார்கள். சிலர் லொறி ஓட்டுகின்றார்கள். காலையிலே வெறுந்தேநீர், பதினொரு மணிக்கு ஒரு பணிஸ், இராத்திரி பத்து மணிக்குக் கொத்துரொட்டி. விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, “ஏன் தம்பி, இப்படி வாடிப்போனாய்?” என்று தாய் கேட்கிறாள். “பிரயாணக் களைப்பு, அம்மா” என்று மகன் சொல்லுகிறான். அந்தக் களைப்பு ஒருநாட் களைப்பன்று. பல ஆண்டுகளாகச் சேரும் கடன்.

“ஊர் ஊராய்த் திரிபவனுக்கு நியமம் எப்படி முடியும்?” என்று இளைஞர் கேட்கலாம். காந்தியடிகளைப் பாருங்கள். 1930ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய 240 மைல் நடந்து, ஏப்ரல் 5ஆம் திகதி தண்டிக் கடற்கரையை அடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது 60. நடக்கும் வேளை, பிரார்த்தனை வேளை, இராட்டை சுற்றும் வேளை என்று எல்லாம் வகுக்கப்பட்டிருந்தன. திங்கட்கிழமைகளிலே நடையில்லை, ஓய்வு. இடம் நாள்தோறும் மாறியது, நியமம் மாறவில்லை. கதிர்காமப் பாதயாத்திரை செல்லும் அடியார்களும் அவ்வாறே. விடியுமுன் எழுந்து, வெயில் ஏறுமுன் நடந்து, உச்சிவேளை நிழலிலே தங்கி, கூடிச் சமைத்து உண்டு, நேரத்தோடு படுக்கிறார்கள். யாத்திரைக்குரிய இந்த ஒழுங்கை வயிற்றுப்பிழைப்புப் பிரயாணத்துக்கும் கொண்டுவருவதே நாம் வேண்டுவது.

பெரிய விரதங்களை நாம் கேட்கவில்லை. ஒரு வாரம் கடுமையாக நோற்று மறுவாரம் கைவிடும் நியமத்தினாலே பயனில்லை. பஸ்ஸிலும் விடுதியிலும் கடைப்பிடிக்கக்கூடிய சிறியனவே நிலைக்கும்.

முதலாவது தண்ணீர். கொதித்தாறிய நீரை வீட்டிலிருந்தே போத்தலிலே கொண்டு செல்லுங்கள். உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். வயிற்றோட்டம் கண்டால் ஒரு ஜீவனிப் பொட்டலத்தை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரிலே கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகுங்கள். நிற்காவிடில் வைத்தியரிடம் செல்லுங்கள்.

இரண்டாவது ஆகாரம். காலையுணவை விடாதீர்கள். அவித்த கடலை, பயறு, வாழைப்பழம், கொய்யாப்பழம் ஆகியவற்றைப் பையிலே கொண்டு செல்லலாம். பணிஸிலும் பலம் மிகுதி. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கடைக்கறியிலும் பொரித்த பண்டத்திலும் அது எளிதிலே மேற்பட்டுவிடும்.

மூன்றாவது நித்திரை. ஏழு மணித்தியாலத் தூக்கம் சோம்பலன்று. லொறி ஓட்டும் தம்பிமாரே, கண் சொருகினால் வண்டியை ஓரங்கட்டித் தூங்குங்கள். புகையிலை சேர்த்த வெற்றிலையைக் குதப்பி விழித்திருக்க எண்ணவேண்டாம். இந்நாட்டு ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களிலே வாய்ப்புற்றுநோய் முன்னிற்கின்றது. பாக்கே நஞ்சு, புகையிலை அதனிலும் நஞ்சு.

நான்காவது நடை. கிழமைக்கு 150 நிமிடத் தேகப்பயிற்சி போதும் என்கிறார்கள். நாளொன்றுக்கு அரைமணியாக ஐந்து நாள். இறங்கவேண்டிய தரிப்புக்கு ஒரு தரிப்பு முன்னரே இறங்கி நடந்தால் பாதி முடிந்துவிடும். 150 மைல் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அரைமணி நடை எமக்குப் பாரமா?

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உட்கொள்வோர் கோயில் யாத்திரையிலே அதனை விட்டுவிடுகின்றார்கள். “அம்பாள் பார்த்துக்கொள்ளுவாள்” என்கிறார்கள். மருந்தும் அம்பாள் தந்ததே. வைத்தியரைக் கேளாமல் உபவாசம் வேண்டாம்.

இனிப் பேசக் கூச்சப்படும் ஒரு சங்கதி. எமது பெண்பிள்ளைகள் நீண்ட பிரயாணத்திலே தண்ணீரே குடிப்பதில்லை. தாகம் இல்லாமலன்று, வழியிலே சுத்தமான மலசலகூடம் இல்லாமையினாலே. நீரை அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகின்றார்கள். இது அவர்கள் குற்றமன்று, எமது குற்றம். தனிமனித நியமம் மட்டும் போதாது. வழியும் செம்மையாக இருக்கவேண்டும். மாசிமகத்திலே முத்துமாரியம்மன் பஞ்சரத பவனிக்கு ஊர் ஊராக அடியார்கள் வருவார்கள். இம்முறை எமது சங்கம் தண்ணீர்ப்பந்தலிலே கொதித்தாறிய நீர் வைக்கட்டும். பெண்களுக்கெனச் சுத்தமான மலசலகூட வசதியைச் செய்து, அதனைத் துப்புரவாக வைத்திருக்கும் பொறுப்பை இளைஞர்கள் முறைவைத்து ஏற்கட்டும். கையிலே துடைப்பம் எடுப்பதற்கு வெட்கப்படுபவர் தொண்டர் ஆகார்.

திருமூல நாயனார் உடம்பைப் பேணுதலைச் சமயக் கடமையாகவே திருமந்திரத்திலே வைத்தார். கோயிலைக் கழுவி விளக்கேற்றும் நாம் இந்த நடமாடும் கோயிலைப் பாழடைய விடலாமா?

எமது முன்னோர் அறியாமையினாலே அந்த வீதியிலே வீழ்ந்தனர். எமக்கு அறிவு உண்டு, மருந்து உண்டு, பஸ் உண்டு. இத்தனையும் இருந்து நாம் வீழ்ந்தால் அவர்களுக்கு என்ன விடை சொல்லுவோம்? அடுத்த ஞாயிறு பஸ் ஏறும்போது ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு பொட்டலம் கடலையும் பையிலே இருக்கட்டும். அங்கிருந்து தொடங்குவோம்.

அன்னை முத்துமாரியின் திருவருள் எல்லோர்க்கும் வழித்துணையாவதாக.